இலையில் ஒரு வெள்ளைக் கோடு: அழகா, குறையா, நோயா?

வாசலில் ஒரு மணி பிளான்ட் கொடியாவது இல்லாத தமிழர் வீடு இங்கே அரிது. அடுக்குமாடி வீட்டு நடைவழியானாலும் சரி, தோட்டப்புறத்து வீட்டு முற்றமானாலும் சரி, ஒரு பழைய போத்தலிலாவது அது வேர்விட்டு நிற்கும். ஒரு நாள் காலையில் அந்தக் கொடியில் புதிதாக விரிந்த இலை, பாதி பச்சையும் பாதி வெள்ளையுமாக இருக்கும். "தண்ணி கூடிப்போச்சு, அதான் வெளுத்துப்போச்சு" என்பார் பாட்டி. "இல்ல பாட்டி, இது அபூர்வம். வித்தா காசு" என்பான் பேரன்.

இருவரில் யார் சொல்வது சரி? இந்தச் சின்னக் கேள்விக்கு முழுமையான விடை கிடைக்க முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்த விடையைத் தேடியவர்களில் அரண்மனை மருத்துவர்கள் உண்டு, சாமுராய் வீரர்கள் உண்டு, நாற்றுப்பண்ணைக்காரர்கள் உண்டு. பல்கலைக்கழகக் கதவுகள் தங்களுக்கு எளிதில் திறக்காத காலத்தில், ஓர் இலையைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்த பெண்களும் உண்டு. இந்த வரலாற்றை எடுத்துச் சொல்ல மிகப் பொருத்தமான செடி, நம் வெப்ப நாட்டில் எளிதில் வளராத ஹோஸ்டா.

பாலத்துத் தூணின் பெயர்

ஹோஸ்டா பூவுக்காக வளர்க்கப்படும் செடியன்று, இலைக்காக வளர்க்கப்படுவது. ஜப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளே அதன் தாயகம். மரநிழலிலும் ஓடைக்கரையிலும் பாறை இடுக்கிலும் அது வளரும். குளிர்காலம் வந்தால் இலைகள் எல்லாம் மடிந்து, மண்ணுக்கு அடியில் குருத்து மட்டும் உறங்கும். வசந்தத்தில் அந்தக் குருத்து சுருட்டிய தாள்போல் மேலெழுந்து விரியும். அந்தக் குளிர் உறக்கம் இல்லாவிட்டால் செடி நலிந்துவிடும். சிங்கப்பூரிலும் மலேசியத் தாழ்நிலங்களிலும் அது செழிக்காததற்குக் காரணம் இதுதான்.

ஜப்பானியர் இதனை 'கிபோஷி' என்பர். பழைய மரப்பாலங்களின் கைப்பிடித் தூண்களுக்கு மேல் வெங்காயம் போன்ற வடிவில் ஓர் உலோகக் குமிழ் பொருத்தியிருப்பார்கள். அதன் பெயர்தான் கிபோஷி. ஹோஸ்டாவின் பூமொட்டுக் கொத்து அந்தக் குமிழைப் போலவே இருப்பதால் செடிக்கும் அப்பெயர் வந்தது. அங்கே இது வெறும் அலங்காரச் செடியும் அன்று. வசந்தத்தில் வரும் இளங்குருத்தை 'உருயி' என்ற பெயரில் கீரைபோல் சமைத்து உண்கிறார்கள்.

இந்தச் செடியின் சிறப்பு அதன் நிலையற்ற குணத்தில் இருக்கிறது. பச்சை இலைக் கொத்தில் திடீரென ஒரு குருத்து மட்டும் வெள்ளை விளிம்போடு எழும். நீலப்பச்சைச் செடியின் ஓரத்தில் ஒரு கிளைக் குருத்து மஞ்சளாக விரியும். மண்ணும் நீரும் வெயிலும் ஒன்றுதான். ஆனால் அந்த ஒரு குருத்து மட்டும் வேறுபட்டு நிற்கும். இதைத்தான் சடுதிமாற்றம் என்கிறது அறிவியல்.

சாமுராய் தொகுத்த இலைகள்

வேறுபட்ட இலையைக் களையாமல் காத்து வளர்த்ததில் ஜப்பானுக்குத் தனி இடம் உண்டு. எடோ காலத்தின் நீண்ட அமைதியில், போருக்குப் போக வேண்டிய தேவை இல்லாத சாமுராய்கள் பலர் தோட்டக்கலையில் இறங்கினார்கள். கோடு விழுந்த இலை, புள்ளி விழுந்த இலை, சுருண்ட இலை, பிளந்த இலை என்று விசித்திரமானவற்றைத் தேடித் தேடிச் சாடிகளில் வளர்த்தார்கள். நல்ல செடிக்குப் பெரும் விலை கொடுக்கவும் ஆட்கள் இருந்தார்கள்.

1827-இல் கிந்தா என்ற நாற்றுப்பண்ணைக்காரர், இத்தகைய அபூர்வச் செடிகளைப் படங்களோடு தொகுத்து 'சோமொகு கிஹின் ககாமி' என்ற நூலை வெளியிட்டார். இரண்டே ஆண்டுகளில், 1829-இல், மிசுனோ தடாகி என்ற சாமுராய் 'சோமொகு கின்யோஷூ' என்ற இன்னும் பெரிய தொகுப்பைக் கொண்டுவந்தார். இலையின் மாற்றங்களை மட்டுமே பொருளாகக் கொண்டு இவ்வளவு விரிவாக அதற்கு முன் எங்கும் நூல் எழுந்ததாகச் சொல்ல முடியாது. ஏன் மாறுகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆனால் மாறியதைப் பார்த்தார்கள், வரைந்தார்கள், வகைப்படுத்தினார்கள், அழியாமல் காத்தார்கள். அறிவியலின் முதல் படி அதுதானே!

மருத்துவர்கள் சுமந்து சென்ற செடி

அந்தக் காலத்து ஜப்பான் அந்நியருக்குக் கதவடைத்திருந்தது. நாகசாகித் துறைமுகத்தில் தெஜிமா என்ற சின்னஞ்சிறு செயற்கைத் தீவில் டச்சு வணிகர்கள் மட்டும் தங்க அனுமதி இருந்தது. அங்கே பணிபுரிந்த மருத்துவர்கள் வழியாகவே ஹோஸ்டா வெளியுலகுக்குத் தெரியவந்தது. 1690 முதல் 1692 வரை அங்கிருந்த எங்கெல்பெர்ட் கேம்ப்ஃபெர், 1712-இல் வெளியான தம் நூலில் அதைப் பற்றி எழுதினார். 1775-இல் வந்த ஸ்வீடன் நாட்டு மருத்துவர் கார்ல் பீட்டர் துன்பெர்க் அதற்கு இலத்தீன் பெயர் சூட்டினார்.

1812-இல் ஆஸ்திரியத் தாவரவியலாளர் டிராட்டினிக், ஆஸ்திரியப் பேரரசரின் மருத்துவராக இருந்த நிக்கோலஸ் தாமஸ் ஹோஸ்ட் என்பவரின் நினைவாக 'ஹோஸ்டா' என்று பெயரிட்டார். ஐந்து ஆண்டுகள் கழித்து 1817-இல் ஷ்பிரெங்கெல் என்பவர் 'ஃபுங்கியா' என்று வேறு பெயர் வைத்தார். ஜெர்மனியிலும் ஸ்வீடனிலும் மக்கள் பேச்சில் இரண்டாவது பெயரே இன்றும் வாழ்கிறது.

உயிருள்ள செடிகளைப் பெருமளவில் ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தவர் ஃபிலிப் ஃபிரான்ஸ் ஃபொன் சீபோல்ட். 1823-இல் தெஜிமாவுக்கு மருத்துவராக வந்த அவர், நாட்டைவிட்டு வெளியே போகக்கூடாத வரைபடங்களை வைத்திருந்தார் என்று குற்றஞ்சாட்டப்பட்டு 1829-இல் வெளியேற்றப்பட்டார். அவர் அனுப்பிய செடிகள் நெதர்லாந்தின் லைடன் நகரத் தோட்டத்தில் வேர்விட்டன.

இதில் ஒரு வேடிக்கை கவனிக்கத்தக்கது. சீபோல்டின் பெயரால் வழங்கும் ஒரு ஹோஸ்டா, ஐரோப்பாவில் முதலில் அறியப்பட்டது வெள்ளை விளிம்பு கொண்ட தோட்டச் செடியாகத்தான். காட்டில் வளரும் அதன் பச்சைச் செடி பின்னரே ஆய்வாளர் கண்ணில் பட்டது. அதாவது மாறிப்போன பிள்ளை முதலில் பெயர் பெற்றுவிட்டது. பெற்ற தாய் பிறகுதான் அறியப்பட்டாள்!

அந்தி மந்தாரை சொன்ன உண்மை

வெள்ளைக் கோடு எப்படி வருகிறது? அதன் விதையை நட்டால் பிள்ளைச் செடியிலும் அந்தக் கோடு வருமா? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர் ஜெர்மானிய ஆய்வாளர் கார்ல் கொரென்ஸ். கிரெகோர் மெண்டல் கண்டறிந்த மரபு விதிகள் பல ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தபோது, 1900-இல் அவற்றை மீண்டும் உலகுக்குக் காட்டிய மூவரில் அவரும் ஒருவர். தாயும் தந்தையும் சம அளவில் பிள்ளைக்குப் பண்புகளைத் தருகிறார்கள் என்பது அந்த விதியின் சாரம்.

கொரென்ஸ் தம் சோதனைக்கு எடுத்துக்கொண்டது நமக்கெல்லாம் நன்கு தெரிந்த அந்தி மந்தாரை. மாலை நேரத்தில் வேலியோரம் பூத்து மணக்கும் அதே செடிதான். அதில் ஒரு வகைச் செடியில் சில கிளைகள் முழுப்பச்சையாகவும், சில முழுவெள்ளையாகவும், சில இரண்டும் கலந்தும் இருந்தன. பச்சைக் கிளையில் பூத்த பூவுக்கு வெள்ளைக் கிளையின் மகரந்தத்தைத் தூவினார். விதைகள் எல்லாம் பச்சைச் செடிகளாகவே முளைத்தன. வெள்ளைக் கிளையின் பூவுக்குப் பச்சைக் கிளையின் மகரந்தத்தைத் தூவினார். முளைத்தவை எல்லாம் வெள்ளை. விதையில் இருந்த உணவு தீர்ந்ததும் அவை மடிந்துபோயின. கலப்புக் கிளையில் பூத்த பூவின் விதைகளிலிருந்து பச்சை, வெள்ளை, கலப்பு ஆகிய மூன்றும் வந்தன.

மகரந்தம் எங்கிருந்து வந்தது என்பது பொருட்டாகவே இல்லை. விதை எந்தக் கிளையில் பிடித்ததோ அந்தக் கிளையின் நிறமே பிள்ளையின் நிறம். மெண்டலின் விதிகளை மீட்டுத் தந்த அதே மனிதர், அந்த விதிகளுக்கு அடங்காத ஒரு பண்பை 1909-இல் உலகுக்கு அறிவித்தார். அதே 1909-இல் எர்வின் பவுர் என்ற மற்றொரு ஜெர்மானியர், பெலார்கோனியம் செடிகளை ஆராய்ந்து, இந்தப் பண்பைச் சுமப்பவை இலைச் செல்லுக்குள் இருக்கும் பசுங்கணிகங்களே என்று விளக்கினார்.

பசுங்கணிகம் என்பது செல்லுக்குள் இருக்கும் பச்சை நிறத் துகள். சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைக்கும் அடுப்பு அதுதான். பெரும்பாலான செடிகளில் அது தாயின் சூல் வழியே மட்டும் பிள்ளைக்குப் போகிறது; தந்தையின் மகரந்தம் அதைக் கொடுப்பதில்லை. தாயின் அடுப்பில் குறை நேர்ந்தால் பிள்ளையின் அடுப்பிலும் அந்தக் குறை இருக்கும்.

அப்படியானால் ஒரே இலையில் பச்சையும் வெள்ளையும் எப்படிச் சேர்ந்து இருக்கின்றன? செடியின் குருத்து நுனி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த செல் அடுக்குகளால் ஆனது. ஓர் அடுக்கில் இருக்கும் செல்கள் பச்சையத்தை இழந்து, மற்ற அடுக்கு நலமாக இருந்தால், அந்தக் குருத்தில் விரியும் இலைகளில் விளிம்பு வெள்ளையாகும். அல்லது விளிம்பு பச்சையாக நின்று நடுப்பகுதி வெளுக்கும். ஒரே செடியில் மரபு வேறுபட்ட இரண்டு உயிர்த்திசுக்கள் ஒட்டி வாழ்கின்றன. கிரேக்கக் கதையில் சிங்கமும் ஆடும் பாம்பும் கலந்த ஒரு மிருகத்துக்குக் கிமேரா என்று பெயர். 1907-இல் ஹான்ஸ் விங்க்லெர் என்ற ஆய்வாளர் இத்தகைய செடிகளுக்கு அந்தப் பெயரையே வைத்தார். நம் கோயில் தூண்களில் சிங்க உடலும் யானைத் துதிக்கையுமாக நிற்கும் யாளியை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

கோனோ யாசுயியின் கதை

அந்தி மந்தாரையில் கண்ட உண்மையை ஹோஸ்டாவில் ஆராய்ந்தவர் ஜப்பானியப் பெண்மணி கோனோ யாசுயி. 1880-இல் ககாவா மாவட்டத்தில் பிறந்தவர். ஜப்பானில் பெண்கள் அறிவியல் படிப்பதே அதிசயமாக இருந்த காலம் அது. ஆசிரியைகளை உருவாக்கும் தோக்கியோ பெண்கள் உயர் கல்லூரியில் படித்த அவர், 1911-இல் ஒரு நீர்ப்பெரணியைப் பற்றி எழுதிய கட்டுரை பிரிட்டிஷ் அறிவியல் இதழில் வெளியானது. வெளிநாட்டு இதழில் ஆய்வு வெளியிட்ட முதல் ஜப்பானியப் பெண் அவர்தான்.

மேற்படிப்புக்கு வெளிநாடு செல்ல அரசிடம் அனுமதி கேட்டார். பெண் ஒருத்தி அறிவியலில் என்ன சாதித்துவிடப் போகிறாள் என்று அதிகாரிகள் தயங்கினார்கள். இறுதியில் நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. ஆய்வுத் துறை என்ற இடத்தில் அறிவியலோடு 'மனையியல்' என்றும் சேர்த்து எழுத வேண்டும். திருமணம் செய்துகொள்ளாமல் ஆய்வுக்கே தம்மை ஒப்படைக்க வேண்டும். எந்த ஆணிடமும் இப்படிக் கேட்டிருப்பார்களா? யாசுயி அந்த நிபந்தனையை ஏற்று 1914-இல் அமெரிக்கா சென்றார். சிகாகோவிலும் ஹார்வர்டிலும் பயின்று 1916-இல் நாடு திரும்பினார்.

ஜப்பானிய நிலக்கரிக்குள் புதைந்திருக்கும் பழந்தாவரங்களின் அமைப்பை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, 1927-இல் தோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண் என்ற பெருமை அவருக்கு உரியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில், வெள்ளை விளிம்பு கொண்ட ஹோஸ்டாவையும் அதன் வழித்தோன்றல்களையும் பற்றிய அவருடைய ஆய்வு வெளிவந்தது. பசுங்கணிகத்தின் பண்பு தாய்வழியே இறங்குவதை அது எடுத்துரைத்தது. 1929-இல், அவருடைய பங்களிப்போடு தொடங்கப்பட்ட 'சைட்டோலாஜியா' என்ற செல்லியல் இதழின் முதல் தொகுதியிலேயே அந்தக் கட்டுரை இடம்பெற்றது.

தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும் ஒரு பண்பை, தாயாகக் கூடாது என்ற நிபந்தனையை ஏற்றுப் படித்த ஒரு பெண் ஆராய்ந்து எழுதினார். இதைவிடச் சொல்ல வேறென்ன இருக்கிறது? 1971-இல் மறையும்வரை அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

பசுங்கணிகத்துக்குள் தனி மரபுப் பொருள் இருக்கிறது என்பது 1960-களில் உறுதியானது. 1986-இல் புகையிலை, ஈரற்செடி எனும் இரு தாவரங்களின் பசுங்கணிக மரபுத்தொகை முழுவதும் படித்து முடிக்கப்பட்டது. அந்த இரண்டையும் முடித்தவை ஜப்பானிய ஆய்வுக் குழுக்களே என்பது குறிப்பிடத்தக்கது.

நாற்று வரிசையில் ஒரு மஞ்சள் விளிம்பு

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, தோட்டக்காரர்களின் வரலாறு தனியாக ஓடிக்கொண்டிருந்தது. 1936-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு நாற்றுப்பண்ணை. நீலப்பச்சை இலை கொண்ட ஹோஸ்டாக்கள் வரிசையாக நின்றன. மாசாசூசெட்ஸ் மாநிலத்திலிருந்து வந்த ஃபிரான்சிஸ் வில்லியம்ஸ் என்ற பெண்மணி அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்தபோது, ஒரு செடியில் மட்டும் இலை விளிம்பு மஞ்சளாக இருந்ததைக் கவனித்தார். அதை வாங்கிச் சென்று வளர்த்தார். பிரித்துப் பலருக்கும் கொடுத்தார். அதில் ஒன்று கடல் கடந்து ஆக்ஸ்ஃபோர்டு தாவரவியல் தோட்டத்துக்குப் போனது. அங்கிருந்த ஜார்ஜ் ராபின்சன் 1963-இல் அதற்கு அந்தப் பெண்மணியின் பெயரையே சூட்டினார். உலகில் மிகுதியாக விரும்பப்பட்ட ஹோஸ்டாக்களில் ஒன்றாக அது பல ஆண்டுகள் விளங்கியது. எத்தனையோ பேர் கடந்து போயிருக்கக்கூடிய வரிசை அது. நின்று பார்த்தவர் பெயர் நிலைத்தது.

1968-இல் அமெரிக்க ஹோஸ்டா சங்கம் தோன்றியது. அதன்பின் மாறிய இலையைத் தேடுவது ஒரு முறையான கலையாகவே வளர்ந்தது. அந்த முறை எளிமையானது, ஆனால் பொறுமை வேண்டும். ஒரு கொத்தில் ஒரு குருத்து மட்டும் வேறு நிறத்தில் வந்தால் அதற்கு அடையாளம் கட்டுவார்கள். வசந்தத்தில் அந்தக் குருத்தை அதன் வேரோடு சேர்த்துத் தூய்மையான கத்தியால் பிரித்துத் தனியே நடுவார்கள். பிறகு பல ஆண்டுகள் காத்திருப்பார்கள். ஹோஸ்டா தன் முழு உருவத்தைக் காட்ட நான்கைந்து ஆண்டுகள்கூட ஆகும். இந்த ஆண்டு வந்த கோடு அடுத்த ஆண்டும் வருகிறதா, பிரித்து நட்ட பிள்ளைகளிலும் நிற்கிறதா என்று குறித்து வைப்பார்கள். நின்றால்தான் அதற்குப் பெயர்.

வெள்ளை விளிம்புச் செடியில் முழுப்பச்சைக் குருத்து ஒன்று எழுந்தால் அதை உடனே அகற்றிவிட வேண்டும். காரணம் எளிது. முழுப்பச்சை இலை அதிக உணவு சமைக்கும், வேகமாக வளரும், சில ஆண்டுகளில் கொத்து முழுவதையும் பிடித்துக்கொள்ளும். வெள்ளைப் பகுதிக்கோ சொந்த அடுப்பு இல்லை. பச்சைப் பகுதி சமைப்பதைப் பகிர்ந்து உண்டுதான் அது வாழ்கிறது. முழுவெள்ளைக் குருத்து தனித்து வாழாது. கண்ணுக்கு அழகாகத் தெரிவது உண்மையில் ஒரு குறை; அந்தக் குறையைத் தாங்கி நிற்பது பக்கத்தில் இருக்கும் பச்சை.

இலை முழுவதும் ஒழுங்கின்றிக் கோடுகள் ஓடும் செடிகள் நிலையற்றவை, விரைவில் மாறிவிடும். ஆனாலும் புதுவகை உருவாக்குவோர் அவற்றைப் போற்றி வைக்கிறார்கள். அவற்றைத் தாய்ச்செடியாகக் கொண்டு விதை எடுத்தால், பிள்ளைகளில் பலவகைக் கோடுகள் கிடைக்க வாய்ப்பு உண்டு. அந்தி மந்தாரையின் கலப்புக் கிளையில் கொரென்ஸ் கண்டது இதே செய்தியைத்தான்.

திசு வளர்ப்பு முறை வந்த பிறகு, சிறு துண்டிலிருந்து ஆயிரக்கணக்கான கன்றுகள் உருவாயின. அவற்றுள் சடுதிமாற்றங்களும் மிகுதியாகத் தென்பட்டன. இங்கிலாந்தில் உருவான 'ஹால்சியன்' என்ற நீல ஹோஸ்டாவிலிருந்து மாறி வந்த 'ஜூன்', 1991-இல் பதிவாகி 2001-இல் ஆண்டின் சிறந்த ஹோஸ்டாவாகத் தேர்வு பெற்றது. வெள்ளை விளிம்பு கொண்ட 'பேட்ரியட்' செடியிலிருந்து, நடுவெள்ளையும் பச்சை விளிம்புமாக நேர் எதிரான 'ஃபயர் அண்ட் ஐஸ்' வந்தது. அடுக்குகள் இடம் மாறினால் நிறங்களும் இடம் மாறும் என்பதற்கு இதுவே சான்று.

அழகென்று வாங்கிய நோய்

இந்த மகிழ்ச்சிக்கு நடுவில் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. 1996-இல் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஹோஸ்டாவைத் தாக்கும் புதிய வைரஸ் ஒன்றை அடையாளம் கண்டு 'ஹோஸ்டா வைரஸ் எக்ஸ்' என்று பெயரிட்டார்கள். ஈரத்தாளில் மை ஊறியதுபோல் நரம்பை ஒட்டி நிறம் பரவுவது, இலையில் திட்டுத்திட்டாக நிறம் மாறுவது, திசு சுருங்கிப் புடைப்பது ஆகியவை அதன் அறிகுறிகள். அப்போதுதான் ஓர் உண்மை வெளிவந்தது. 'பிரேக்அவுட்', 'லெபர்ட் ஃபிராக்', 'லூனசி' போன்ற பெயர்களில் புதுமையான சடுதிமாற்றம் என்று விற்கப்பட்ட செடிகள் உண்மையில் நோய்வாய்ப்பட்டவை. மக்கள் அழகென்று காசு கொடுத்து நோயை வாங்கிப் போய், நலமான செடிகளின் பக்கத்தில் நட்டிருந்தார்கள்.

இந்த வைரஸ் செடியின் சாறு வழியே பரவுகிறது. நோயுற்ற செடியை வெட்டிய கத்தியால் அடுத்த செடியை வெட்டினால் போதும். அறிகுறி வெளியே தெரியச் சில ஆண்டுகள்கூட ஆகலாம். மருந்து கிடையாது, செடியைப் பிடுங்கி அழிப்பதே வழி. மாறிய குருத்தைப் பிரித்துப் பகிரும் பழக்கமே நோயையும் வீடு வீடாகக் கொண்டுசேர்த்தது என்பதுதான் இதில் பெரிய வேதனை.

வரலாறு இதற்கு முன்பே எச்சரித்திருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் தீச்சுடர் போன்ற கோடுகள் விழுந்த டியூலிப் பூக்களுக்குப் பித்துப் பிடித்தாற்போல் விலை ஏறியது. 1637 பிப்ரவரியில் அந்த வணிகம் சரிந்தது. அத்தகைய டியூலிப் கிழங்குகள் ஆண்டுக்கு ஆண்டு நலிவதைக் குளூசியஸ் என்ற தாவரவியலாளர் பதினாறாம் நூற்றாண்டிலேயே கவனித்திருந்தார். காரணம் தெரியவந்ததோ 1928-இல்தான். லண்டனில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் பணியாற்றிய டோரத்தி கேலி, கோடு விழுந்த கிழங்கை நலமான கிழங்கோடு ஒட்டுக்கட்டி, இது தொற்றும் நோய் என்று நிறுவினார். அசுவினிப் பூச்சிகள் பரப்பும் வைரஸே அந்த அழகுக்குக் காரணம். இந்த டோரத்தி கேலி இலங்கையில் பிறந்தவர். அவருடைய தந்தை இலங்கையின் தலைமை நீதிபதியாக இருந்தவர்.

இன்னும் பின்னோக்கிப் போனால் மறுபடியும் ஜப்பானுக்கே வர வேண்டும். கி.பி. 752-இல் பேரரசி கோகென் இயற்றிய ஒரு கவிதையில், கோடைகாலத்திலேயே மஞ்சளாகிவிட்ட ஒரு செடியின் இலைகள் பேசப்படுகின்றன. அந்த மஞ்சளுக்குக் காரணம் வெள்ளை ஈக்கள் பரப்பும் ஒரு வைரஸ் என்று 2003-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். தாவர வைரஸ் நோயைப் பற்றி உலகில் கிடைக்கும் மிகப் பழைய பதிவு இது என்று கருதப்படுகிறது. இலையுதிர்காலத்து அழகை நினைவூட்டிய அந்த மஞ்சள், நோயின் மஞ்சள்!

நம் காட்டுக் கொடிக்கு 27,100 டாலர்

இதெல்லாம் குளிர்நாட்டுக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2021 ஜூன் மாதத்தில் நியூசிலாந்தில் இணைய ஏலத்தில் ஒரு சாடிச் செடி 27,100 நியூசிலாந்து டாலருக்கு விலைபோனது. அதில் இருந்தவை ஒன்பது இலைகள். ரஃபிடோஃபோரா டெட்ராஸ்பெர்மா என்ற அந்தக் கொடியின் தாயகம் எது தெரியுமா? தென் தாய்லாந்தும் தீபகற்ப மலேசியாவின் வடபகுதியும்தான். பச்சை இலையோடு நம் காட்டு மரங்களில் ஏறிக் கிடக்கும் கொடி, இலையில் வெள்ளை விழுந்ததால் தங்க விலை பெற்றது.

பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுக்குள் அடைபட்ட மக்களிடம் செடி வளர்க்கும் ஆர்வம் பெருகியபோது, வெள்ளைக் கோடு விழுந்த மான்ஸ்டெராவும் இதுபோன்ற கொடிகளும் இப்படித்தான் விலை ஏறின. வாங்கியவர்களில் பலர் பிறகு ஏமாந்ததும் உண்டு. வெள்ளை மிகுந்த கொடி பச்சையில்லாமல் நலிந்தது. பச்சை மிகுந்த கொடி முழுப்பச்சைக்குத் திரும்பியது. கொரென்ஸும் யாசுயியும் சொன்னதைத் தெரிந்துகொண்டவர்களுக்கு இதில் வியப்பு இருந்திருக்காது.

ஆகவே பாட்டிக்கும் பேரனுக்கும் நடந்த வழக்கில் தீர்ப்பு என்ன? இருவர் பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. வெளுப்பு ஒரு குறைதான். ஆனால் எல்லா வெளுப்பும் தண்ணீரால் வருவதில்லை. அபூர்வம்தான், ஆனால் எல்லா அபூர்வமும் நலமானதன்று. புதிய கோட்டைக் கண்டதும் அவசரப்பட்டு விலை பேச வேண்டாம். பயந்து பிடுங்கி எறியவும் வேண்டாம். அந்தச் சாடியைத் தள்ளி வைத்து, அடுத்தடுத்து வரும் இலைகளைப் பார்க்க வேண்டும். கோடு தெளிவான எல்லையோடு, இலை சுருங்காமல், தொடர்ந்து வருகிறதா? அப்படியானால் கோடு விழுந்த இலைக்கு அடியில் உள்ள கணுவோடு சேர்த்து வெட்டித் தனியே நடலாம். திட்டுத்திட்டாக, புடைத்து, மை ஊறியதுபோல் பரவுகிறதா? அப்படியானால் சந்தேகப்படுவதே நல்லது. எந்தச் செடியை வெட்டினாலும் அடுத்ததைத் தொடும் முன் கத்தியைக் கழுவிக் கிருமி நீக்குவது நன்று.

எடோ காலத்து சாமுராயும், நிபந்தனைகளைச் சுமந்து படித்த யாசுயியும், நாற்று வரிசையில் நின்ற ஃபிரான்சிஸ் வில்லியம்ஸும், கிழங்கை ஒட்டுக்கட்டிப் பார்த்த டோரத்தி கேலியும் கையாண்ட கருவி ஒன்றுதான்: அவசரமில்லாத கண். அது எந்தக் கடையிலும் விற்பதில்லை. வாசலில் தொங்கும் மணி பிளான்ட்டில் நாளை விரியப்போகும் இலைக்கும் அது போதும்.